புகையான் என்னும் ஒரு சொல்: நெல் தேர்வாய்வுகளுக்கான பொருண்மைக் கட்டமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: ஆன்டாலஜி, தேர்வாய்வு, நெல், புகையான், எதிர்ப்புத்திறன், நிகண்டு

முன்னுரை

ஒரே உயிரியல் சோதனையை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுவேறு சொற்களால் குறிப்பின், அவற்றின் முடிவுகளை ஒப்பிட இயலாது. இக்குறையை நீக்க எழுந்ததே ஆன்டாலஜி எனப்படும் பொருண்மைக் கட்டமைப்பு. சொற்களுக்குப் பொருள் வரையறுத்து, அவற்றின் உறவுகளைக் கணினி அறியுமாறு அமைப்பது இதன் பணி. மயாமிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட பயோஅஸ்ஸே ஆன்டாலஜியும், நெல் முதலான பயிர்களுக்குரிய கிராப் ஆன்டாலஜியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. இவை காவிரிப் படுகையின் நெல்லாய்வுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் புகையான் எதிர்ப்புத்திறன் சோதனையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

குடவாசல் வட்டார உழவர் ‘புகையான் விழுந்துவிட்டது’ என்கையில், அச்சொல் தூரில் சாறுண்ணும் பழுப்புத் தத்துப்பூச்சியையும் குறிக்கும். பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்தாற்போற் காய்வதையும் குறிக்கும். ஆனைக்கொம்பனும் அத்தகையதே. தந்தம்போல் நீளும் குழலிலையின் பெயர், அதனை உண்டாக்கும் ஈக்கும் பெயராயிற்று. திவாகர நிகண்டு இத்தகைய சொற்களுக்கெனவே ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’யை அமைத்தது. பொருண்மைக் கட்டமைப்பிலோ பூச்சி, சேதம், எதிர்ப்புத்திறன் ஆகிய மூன்றும் தனித்தனி வகைமைகள். எனவே தமிழாக்கத்தில் ஒரு சொல்லை ஒரு வகைமைக்கு மட்டும் நேராக வைத்தல் பிழையாகும்.

சோதனையின் அமைப்பு

விதைப்பெட்டிச் சோதனையில் பல நெல் வகைகளின் நாற்றுகளை ஒரே பெட்டியில் வளர்த்து, இளம்பூச்சிகளை விடுவர். எளிதில் தாக்குறும் டிஎன்1, எதிர்த்து நிற்கும் பிடிபி33 ஆகிய ஒப்பீட்டு வகைகளும் உடனிருக்கும். டிஎன்1 நாற்றுகள் பெரும்பாலும் மடிந்தபின்னரே ஏனையவற்றுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் இடப்படும். ஆகவே ஒப்பீட்டு வகையின் நிலை குறிக்கப்படாத மதிப்பெண் பொருளற்றது.

பயோஅஸ்ஸே ஆன்டாலஜி, தூண்டுபொருள், இலக்கு, வடிவமைப்பு, கண்டறிமுறை, முடிவளவு முதலிய கூறுகளால் சோதனையை விளக்குகிறது. இது மருந்தாய்வுக்கு நன்கு பொருந்தும். அங்கே மாறுவது வேதிப்பொருள், நிலைத்திருப்பது இலக்கு. நெற்சோதனையில் இது தலைகீழாகிறது. பாதிப்பை உண்டாக்கும் பூச்சி நிலையாக இருக்க, தாக்குறும் நெல்லே மாறுகிறது. கிராப் ஆன்டாலஜி பண்பு, முறை, அளவுகோல் என மூன்றாகப் பகுப்பது இதைவிடப் பொருத்தமானது. எனினும் அம்மூன்றனுள் பூச்சித்தொகைக்கெனத் தனியிடம் இல்லை.

இக்குறை சிறிதன்று. நம் அம்பாசமுத்திரத்து ஏஎஸ்டி7 நெல்லே பிபிஎச்2 என்னும் எதிர்ப்பு மரபணுவின் மூலம். தென்கிழக்காசியாவில் பயன் தந்த இம்மரபணு, தென்னாசியப் புகையானுக்கு எதிராக நிற்கவில்லை. எனவே எதிர்ப்புத்திறன் நெல்லின் தனிப்பண்பன்று. குறிப்பிட்ட நெல்லுக்கும் குறிப்பிட்ட பூச்சித்தொகைக்கும் இடையிலான உறவு. அதனைப் பண்பென்று மட்டும் பதியும் அமைப்பு, பிலிப்பைன்ஸ் முடிவையும் தமிழ்நாட்டு முடிவையும் ஒரே வரிசையில் வைக்க இடந்தரும். அவ்வாறு தேர்ந்த விதையை நம்பிச் சம்பாவோ தாளடியோ நடுபவர்க்கு இழப்பு வயலில் நேரும்.

முடிவுரை

ஆயத்த அமைப்புகளைத் தள்ளிவிட்டுப் புதிதொன்று படைக்க வேண்டுவதில்லை. கிராப் ஆன்டாலஜியின் முக்கூற்றை ஏற்று, பூச்சித்தொகை திரட்டப்பட்ட இடமும் காலமும், ஒப்பீட்டு வகைகளின் நிலை, வயலா பசுமைக்குடிலா என்னும் சூழல் ஆகியவற்றைக் கட்டாய உறவுகளாகச் சேர்த்தல் போதும். உழவர் சொற்களை அவை குறிக்கும் ஒவ்வொரு வகைமையோடும் இணைத்துப் பதியவேண்டும். 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் குடவாசலுக்கு அண்மையிலேயே உள்ளது. சோதனைக் கூடத்தின் எண்ணும் வயல்வரப்பின் சொல்லும் இத்துணை அருகிலிருக்கும் இப்பகுதியே இம்முயற்சியைத் தொடங்கத் தக்க இடமாகும்.