நான்கு வயதில் ஓர் அளவுகோல்

ஐம்பது வயதைக் கடந்த வாசகர் பலருக்கு நினைவிருக்கும். பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்ற அன்று தலைமையாசிரியர் பாடக் கேள்வி எதுவும் கேட்கமாட்டார். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஒன்றாம் வகுப்பு; எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வா என்று அனுப்பிவிடுவார். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத வீடுகள் மிகுந்திருந்த காலத்தில் வயதை அறிய அது ஓர் உபாயம். அதில் அறிவியலும் உண்டு. மனிதக் குழந்தையின் தலை முந்தி வளர்ந்துவிடுகிறது. கைகால்கள் பிந்தி நீளுகின்றன. ஆறு வயதில் மூளை, வளர்ந்த மனிதனின் மூளையளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடும். அதற்குப்பின் தலை அதிகம் பெருப்பதில்லை. கை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. எனவே ஆறு வயதையொட்டிக் காது கைக்கு எட்டுகிறது. கை சற்றுக் குட்டையாக வாய்த்த பிள்ளைகள் ஓராண்டு வீட்டோடு இருக்க நேர்ந்ததும் உண்டு. அது வேறு கதை.

இந்தச் சோதனை உடல் வளர்ச்சியைக் கொண்டு வயதை ஊகித்ததேயன்றி, அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளி வாசலிலேயே குழந்தையின் அறிவை அளந்து எண்ணாகக் குறித்துவைக்க முடியுமா, குறிப்பதால் யாருக்குப் பயன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு இங்கிலாந்து நாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அங்கே இது மூன்றாவது முயற்சி.

முதல் முயற்சி 1998-இல் நடந்தது. பள்ளியில் சேர்ந்ததும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொடக்கநிலை மதிப்பீடு நடத்தவேண்டும் என்று சட்டம் கூறியது. ஆனால் ஏற்பளிக்கப்பட்ட மதிப்பீட்டு முறைகள் மட்டும் 90! தொண்ணூறு விதமான படிகளால் ஊர் முழுவதும் நெல் அளந்தால் கணக்கு எப்படி ஒத்துவரும்? 2002-இல் அதைக் கைவிட்டார்கள். 2015-இல் மறுபடி ஆரம்பித்தார்கள். இம்முறை மூன்று நிறுவனங்களின் சோதனைகளுக்கு மட்டும் ஒப்புதல். அந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடமுடியாது என்று 2016-இல் அரசே ஒப்புக்கொண்டு, அதையும் நிறுத்திற்று. மூன்றாவதாக வந்ததுதான் 2021 செப்டம்பர் முதல் சட்டப்படி நடைபெறும் இன்றைய சோதனை. நாடு முழுவதற்கும் ஒரே சோதனை என்பதால் பழைய குறை நீங்கியது. மற்றக் குறைகளும் நீங்கினவா என்பதுதான் ஐயம்.

சோதனை எப்படி நடக்கிறது? குழந்தை பள்ளியில் சேர்ந்த முதல் ஆறு வாரங்களுக்குள் ஆசிரியர் அதைத் தனியே உட்காரவைத்துச் சுமார் 20 நிமிடம் சில செயல்களைச் செய்யச் சொல்கிறார். பொருள்களை எண்ணுதல், எண்களை அடையாளம் காணுதல், படத்தைப் பார்த்துச் சொல் கூறுதல், கதை கேட்டுப் பதில் சொல்லுதல் போன்றவை. 2025 முதல் குழந்தையே தொடுதிரையைத் தொட்டுச் சில விடைகளைக் காட்டுகிறது. இதில் தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் இல்லை. குழந்தை திணறினால் அந்தப் பகுதி நிறுத்தப்படும். மதிப்பெண் பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. குழந்தை எதைச் செய்தது என்று சில வாக்கியங்கள் கொண்ட குறிப்பு மட்டும் பள்ளிக்குக் கிடைக்கும். இதனைக் 'குழந்தை வதை' என்று சிலர் வருணிப்பது மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலான குழந்தைகள் அதை ஒரு விளையாட்டாகவே எண்ணியிருக்கும்.

அப்படியானால் மதிப்பெண் எங்கே போகிறது? அரசின் தரவுக் கிடங்கில் ஏழாண்டுகள் காத்திருக்கிறது. குழந்தை பதினோரு வயதில் தொடக்கப்பள்ளியின் இறுதித் தேர்வை எழுதும்போது அந்தப் பழைய எண்ணை வெளியே எடுப்பார்கள். நாட்டில் இதே தொடக்க மதிப்பெண் பெற்ற மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்தப் பள்ளி தன் பிள்ளைகளை எவ்வளவு முன்னேற்றியது என்று கணக்கிடுவார்கள். அதாவது, சோதிக்கப்படுவது குழந்தை, எடைபோடப்படுவது பள்ளி.

எண்ணம் தவறானதன்று. ஏழைத் தெருவிலுள்ள பள்ளியையும் செல்வர் தெருவிலுள்ள பள்ளியையும் இறுதித் தேர்வு முடிவை மட்டும் வைத்து ஒப்பிடுவது அநியாயம். புறப்பட்ட இடத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். இந்த நியாயத்தை எதிர்ப்பாளர்கள் போதிய அளவு மதிப்பதில்லை. ஆனால் புறப்பட்ட இடத்தை அளக்கும் கோல் எத்தகையது?

இயற்பியல் செய்முறை வகுப்பில் மாணவர்கள் இருவகைப் பிழைகளைப் பற்றிப் படித்திருப்பார்கள். ஒன்று தற்செயல் பிழை. மற்றொன்று முறையான பிழை. நான்கு வயதுக் குழந்தையிடம் தற்செயல் பிழைக்குப் பஞ்சமில்லை. இன்று தூக்கம் போதவில்லை, அம்மாவை விட்டு வந்த அழுகை அடங்கவில்லை, சன்னலுக்கு வெளியே ஒரு பூனை. நேற்று இருபது வரை எண்ணிய குழந்தை இன்று ஏழோடு நிறுத்திவிடும். ஆனால் இந்தப் பிழையைச் சராசரி ஓரளவு விழுங்கிவிடும். ஒரு குழந்தைக்கு 5 மதிப்பெண் அளவு பிழை என்று வைத்துக்கொள்வோம். 25 குழந்தைகளின் சராசரியில் அது 5-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வரும் 1 ஆகச் சுருங்கிவிடும். அரசு தரப்பின் வலுவான வாதம் இதுவே: நாங்கள் தனிக் குழந்தையை எடைபோடவில்லை, கூட்டத்தைத்தான் எடைபோடுகிறோம் என்கிறார்கள். ஒன்பதே பிள்ளைகள் உள்ள கிராமப் பள்ளியில் இந்த வாதம் அவ்வளவு எடுபடாது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முறையான பிழையோ சராசரியால் கரைவதில்லை. எடைக்கல்லே குறைவாக இருந்தால் ஆயிரம் தடவை நிறுத்தாலும் எடை சரியாக வராது. இங்கிலாந்தில் செப்டம்பர் 1-இல் பிறந்த குழந்தையும் அடுத்த ஆகஸ்டு 31-இல் பிறந்த குழந்தையும் வழக்கமாக ஒரே வகுப்பில்தான் சேருகின்றன. ஒன்றுக்கு வயது ஐந்து. மற்றொன்றுக்கு நான்குதான் முடிந்திருக்கும். இந்த ஓராண்டு, மூத்த குழந்தையின் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு! வயது ஏற ஏற இந்த வேறுபாடு குறுகுவது தெரிந்ததே. ஆகஸ்டுக் குழந்தை பின்னாளில் 'முன்னேறியதில்' பள்ளியின் பங்கு எவ்வளவு, வெறும் நாள்காட்டியின் பங்கு எவ்வளவு?

மொழியின் கதையும் இதுதான். இலண்டனில் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். பாட்டியிடம் கதை கேட்டு, குறுக்குக் கேள்வி போட்டு, நிலாவுக்குக் காரணம் சொல்லும் குழந்தை அது. சோதனையின் மொழிப்பகுதி அளப்பது ஆங்கில மொழித் திறனைத்தான். அங்கே அது வாய் திறவாமல் நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆங்கிலம் தானே வந்துவிடும். பதினோரு வயதில் கணக்குப் பார்த்தால் வியத்தகு முன்னேற்றம்! இத்தகைய குழந்தைகள் மிகுந்த பள்ளி சிறந்த பள்ளியாகவும், அவர்கள் இல்லாத பள்ளி மந்தமான பள்ளியாகவும் தோன்றும்.

இந்த எண்ணிலிருந்து வருங்காலத்தை எவ்வளவு கணிக்கலாம்? அமெரிக்காவில் காரென் லாபாரோ, இராபர்ட் பியாண்டா என்னும் இருவர் 70 நீள்கால ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியிட்டனர். பள்ளிக்கு முன்னரோ தொடக்கத்திலோ பெற்ற அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் முதல் இரண்டு வகுப்புகளில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவு ஏறத்தாழ 0.5. புள்ளியியல் அறிந்தோர் இதை வர்க்கப்படுத்துவர்: 0.25. பிள்ளைகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் கால் பங்கைத்தான் பழைய மதிப்பெண் விளக்குகிறது. முக்கால் பங்குக்கு வேறு காரணங்கள். அதுவும் ஓரிரு ஆண்டு இடைவெளிக்கு. ஏழாண்டுக்கு இந்த உறவு இன்னும் தளரும் என்றே எதிர்பார்க்கவேண்டும்.

இவற்றையெல்லாம் அரசு அறியாமல் இருந்ததா என்றால் இல்லை. பிரிட்டிஷ் கல்வி ஆய்வுச் சங்கம் அமைத்த வல்லுநர் குழு 2018-லேயே அறிக்கை தந்தது. 'அடிப்படையற்ற அடிநிலை' என்று பொருள்படும் தலைப்பே அதன் கருத்தைச் சொல்லிவிடும். குழுவில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஹார்வி கோல்ட்ஸ்டைன். பள்ளிகளை எண்களால் ஒப்பிடும் புள்ளியியல் முறைகளை வளர்த்தெடுப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட பேரறிஞர், 2020-இல் காலமானார். எண்களை வெறுப்பவர் எதிர்த்தால் ஒதுக்கிவிடலாம். தராசைச் செய்பவரே இந்தத் தராசு வேண்டாம் என்றால் நின்று கேட்கவேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. அங்கே குழந்தைகள் ஏழு வயது வரை மட்டும் படிக்கும் பள்ளிகளும், ஏழு வயதுக்கு மேல் மட்டும் படிக்கும் பள்ளிகளும் தனித்தனியே உண்டு. இப்பள்ளிகளுக்கு இந்த முன்னேற்றக் கணக்கு போடப்போவதில்லை. ஆயினும் முதல் வகைப் பள்ளிகளில் சேரும் குழந்தைகளும் சோதனைக்கு உட்படவேண்டும். 30 குழந்தைகள் கொண்ட வகுப்புக்குத் தலைக்கு 20 நிமிடம் என்றால் 10 மணி நேரம். புதிய பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் பழகவேண்டிய முதல் வாரங்களில் இத்தனை நேரம் எதற்காகக் கழிகிறது?

பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் 1905-இல் முதல் நுண்ணறிவுச் சோதனையை அமைத்ததன் நோக்கம், தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவது. சோதனையின் பயன் சோதிக்கப்பட்ட குழந்தைக்கே திரும்பவேண்டும் என்பது அதன் உட்கிடை. கண்பார்வை, செவிப்புலன், பேச்சு ஆகியவற்றைப் பள்ளி தொடங்கும்போதே சோதிப்பதை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். குறை கண்டால் கண்ணாடி கிடைக்கும், சிகிச்சை கிடைக்கும். இங்கிலாந்தின் சோதனையில் குழந்தைக்கு மிஞ்சுவது சில வாக்கியங்கள். ஆறு வாரம் கூடவே இருக்கும் ஆசிரியருக்கு அவை தாமாகவே தெரிந்திருக்கும்.

நம் நாட்டில் நிலை வேறு. இங்கே சோதனையால் பள்ளியை எடைபோடுவதில்லை. குழந்தையை வடிகட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த முறையையும் தடைசெய்கிறது. முதல்முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், ஒவ்வொரு மறுமுறைக்கும் 50,000 ரூபாய் வரையும் தண்டம். எழுத்துத் தேர்வு ஒழிந்தாலும் 'குழந்தையோடு சற்றுப் பேசிப்பார்க்கிறோம்' என்று அழைப்பது முற்றும் ஒழிந்ததாகச் சொல்ல முடியாது. தந்தையின் தொழிலையும் தாயின் பட்டத்தையும் கேட்டு முடிக்கும் பேச்சு, இருபது நிமிடச் சோதனையைவிட மோசமானது என்றே சொல்லுவோம். அங்கேயாவது கேள்விகள் எல்லாருக்கும் ஒன்று.

2021-இல் சோதிக்கப்பட்ட முதல் தொகுதிக் குழந்தைகள் 2028-இல்தான் இறுதித் தேர்வு எழுதுவார்கள். அதன்பின் பள்ளிகளின் முன்னேற்ற எண்கள் வெளிவரும். செய்தித்தாள்கள் அவற்றை வரிசைப்படுத்தத் தவறமாட்டா. அப்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளியின் எண்ணுக்கும் பின்னால், அன்று அதே பள்ளியில் சோதிக்கப்பட்டு ஏழாண்டும் அங்கேயே படித்த பிள்ளைகள் எத்தனை பேர்?