வங்கிகளின் கொடையும் கடனும்

பெரிய வங்கிகள் ஆண்டுதோறும் நீடித்த நிலைத்தன்மை அறிக்கை என்றொரு நூலை வெளியிடுகின்றன. கண்ணைக் கவரும் படங்களும் பெருந்தொகைகளும் அவற்றில் நிறைந்திருக்கக் காண்கிறோம். அவற்றுள் எவ்வங்கி மேலானது என்று மாணவன் ஒருவன் வினவினால், ஆசிரியர்களாகிய நாம் எதைக் கொண்டு அளந்து விடை கூறுவது?

நன்கொடையைக் கொண்டு அளப்பாரே பலர். சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி 2014இல் 5 கோடி வெள்ளியுடன் அறநிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. யூஓபி வங்கி 1982 முதல் ஓவியப் போட்டி நடத்தி வருகிறது. இவை போற்றுதற்குரியன. ஆயினும் வங்கியின் தொழில் கடன் கொடுத்தல். நிதி நிறுவனங்கள் அளித்த தகவல்களை ஆராய்ந்த சிடிபி என்னும் அமைப்பு, அவற்றின் கடனாலும் முதலீட்டாலும் எழும் கரிம வெளியீடு, சொந்த அலுவலகங்களால் எழுவதைப் போல் 700 மடங்கிற்கும் மேல் என 2021இல் கணக்கிட்டது. தன் கட்டடத்தில் விளக்கணைத்ததைப் பல பக்கம் விவரித்து, கடன் போன வழியை ஒரு பத்தியில் முடிக்கும் அறிக்கை, கேட்ட வினாவை விடுத்து வேறொன்றிற்கு அழகிய கையெழுத்தில் விடையெழுதிய மாணவனை ஒக்கும்.

கடனை ஒப்பிடுவது எங்ஙனம்? நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றும் புதிய நிலக்கரி மின்னிலையங்களுக்கு இனிக் கடனில்லை என்றன. எனினும், முதலிரண்டும் முன்னரே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கு விலக்கு வைத்தன. 'புதிய' என்னும் அடைமொழி பழையதை வாழவிடும் என்பது இலக்கணம் கற்றோர் அறிந்ததே. மலேசியாவின் சிஐஎம்பி வங்கி 2020 டிசம்பரில், 2040க்குள் நிலக்கரியை முற்றும் விடுவதாக ஆண்டு குறித்தது. டிபிஎஸ் 2021இல் 2039 என்றது. ஆண்டு குறித்த சொல்லையே நாளை நாம் சரிபார்க்க முடியும்.

நிற்க. செம்பனைத் தோட்டங்களுக்குக் கடன் தருகையில், காடழித்தல் இல்லை, கரிச்சதுப்பு நிலத்தில் நடவு இல்லை, சுரண்டல் இல்லை என மூன்று உறுதிகளைக் கேட்பது இன்று பல வங்கிகளின் வழக்கம். முன்னிரண்டையும் செயற்கைக்கோள் காட்டிவிடும். கூலி, குடியிருப்பு, குடிநீர் ஆகிய மூன்றாவதை, தோட்டத்திற்குள் வந்து தொழிலாளரைக் கேட்டாலன்றி அறியவொண்ணாது. தோட்டப் பள்ளியில் பணிபுரியும் எனக்கு இதுவே தலையாய வினா. அறிக்கைகளை ஒப்பிடுவோர், மூன்றாம் உறுதியை யார், எவரைக் கேட்டுச் சரிபார்த்தனர் என்பதை முதலில் தேடுக. கொடையின் தொகையைப் பிறகு பார்க்கலாம்.