கருவி விவரணமும் அதன் வாசகரும்: குறிப்பேட்டு மென்பொருள் உரைநடை பற்றிய ஒரு நோக்கு

கையேடும் அறிவுறுத்தலும் இலக்கியத்தின் புறத்தே நிற்பன என ஒதுக்கும் மனோபாவம் நமது திறனாய்விலே இன்னும் வலுவாகவே உள்ளது. 2024 நவம்பரில் அந்திரொப்பிக் நிறுவனம் மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டகோல் என்னும் நெறிமுறையை வெளியிட்ட பின்னர் பரவலாகியுள்ள ஓர் உரைநடை வகை அம்மனோபாவத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. மொழி மாதிரியொன்று ஒப்சிடியன் போன்ற குறிப்பேட்டு மென்பொருளை இவ்வழியில் இயக்கும்போது கருவியின் நிரலைக் காண்பதில்லை. கருவியின் பெயர், சில வாக்கியங்களாலான விவரணம், உள்ளீடுகளின் வரையறை ஆகியனவே அதற்குக் கிடைக்கும் பிரதி.

‘குறிப்பைப் புதுப்பிக்கும்’ என ஒரு விவரணம் இருப்பதாகக் கொள்வோம். புதுப்பித்தல் என்பது இறுதியிற் சேர்த்தலா, முழுவதையும் அழித்து எழுதுதலா? எழுதியவருக்கு ஐயமில்லை, நிரல் அவர் கைவசம் உண்டு. ஒப்சிடியனிலே குறிப்புகள் மார்க்டவுண் வடிவிலான எழுத்துக் கோப்புகளாகப் பயனரின் கணினியிலேயே இருப்பன. ‘மூன்று வரி சேர்’ என்ற வேண்டுகோளுக்கு அழித்தெழுதும் கருவி தெரிந்தெடுக்கப்படின், ஓராண்டுக் களஆய்வுக் குறிப்பு மூன்று வரியாகிவிடும். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் இங்கு ஒருங்கே நிகழ்கின்றன.

ஆயினும் தெளிவை வாக்கியத்தின் பண்பாக மட்டும் காண்பது உருவவாதமாகும். சொல் என்பது சொல்வோருக்கும் கேட்போருக்கும் பொதுவான நிலம் என 1929இல் வொலோஷினோவ் வாதித்தார். இவ்விவரணத்திலோ மூன்றாமவர் ஒருவர் உளர்: குறிப்பின் சொந்தக்காரர். அவர் இதனைப் பெரும்பாலும் வாசிப்பதில்லை. இழப்பு மட்டும் அவருடையது. விவரணம் எழுதுதலை மாதிரியை இணங்கவைக்கும் உத்தியாக மாத்திரம் பேசுவோர் இவ்வுறவை மறைத்துவிடுகின்றனர்.

ரெய்லரின் முகாமைத்துவத்தின் சாரம் சிந்தனையையும் செயலையும் பிரித்தலே என்று 1974இல் ஹரி பிறேவர்மன் காட்டினார். திட்டப் பிரிவு எழுதியதைத் தொழிலாளி நிறைவேற்றினான். எனினும் எழுத்து குறைபட்டவிடத்து அவனது கையனுபவம் அதை நிரப்பியிருக்கும். மாதிரிக்குப் பொது அறிவு மிகுதி. இந்தக் குறிப்பேட்டோடு முன்பழக்கம் இல்லை. ஆகவே இடைவெளியை ஊகத்தால் நிரப்புகின்றது. (ஊகம் பல வேளைகளிற் சரியாகவே அமைந்துவிடுவதுதான் ஆபத்தைக் கண்ணுக்குப் புலப்படாமற் செய்கின்றது.)

அவ்விவரணத்தைப் பின்வருமாறு திருத்தலாம்: ‘குறித்த பாதையிலுள்ள குறிப்பின் முழு உள்ளடக்கத்தையும் நீக்கிப் புதியதை இடும், பழையது காக்கப்படாது. இறுதியிற் சேர்ப்பதற்கு இணைத்தற் கருவியைப் பயன்படுத்துக. அப்பாதையிற் குறிப்பு இல்லையாயின் புதிதாக ஆக்காது, பிழை அறிவிக்கும்.’ அலங்காரமற்ற உரைநடைதான். ஆனால் விளைவும் எல்லையும் மாற்றுவழியும் தோல்வியும் வெளிப்படையாக உள்ளன. மிகைபடக் கூறலும் இங்கே குற்றமே. மாதிரி ஒரே வேளையில் ஏற்கக்கூடிய பிரதிக்கு அளவுண்டு. நாற்பது கருவிகளின் நீண்ட விவரணங்கள் வேண்டுகோளையே நெருக்கிவிடும்.

2025 மார்ச்சிலே ‘வாசிக்க மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ போன்ற குறிகள் நெறிமுறையிற் சேர்க்கப்பட்டன. இவை குறிப்புணர்த்தல்களேயன்றி உத்தரவாதங்கள் அல்ல என நெறிமுறையே கூறுகின்றது. எனவே அழிப்பதற்கு முன் சொந்தக்காரரின் சம்மதத்தைக் கேட்கும் பொறுப்பை எந்த விவரணத்தின் மீதும் சுமத்த முடியாது. அது மென்பொருளினுள்ளேயே அமைக்கப்பட வேண்டியதாகும்.