வந்தது யார்? — பதிவேட்டை வாசித்தல்

இணையதளம் ஒன்றின் தரவுத்தளத்தைத் திறந்தால் 'லாகின் வரலாறு' என்றொரு அட்டவணை இருக்கும். பயனர் எண், தேதி, நேரம், ஐபி முகவரி, உலாவியின் பெயர், கடவுச்சொல் சரியா தவறா. அவ்வளவுதான் பத்திகள். பார்க்கக் கணக்குப்பிள்ளை வேலை போலத் தெரியும். என்றாலும் அதுவும் ஒரு பிரதி. எந்தப் பத்தி இருக்கிறது, எது இல்லை, எழுதுகிறவர் யார், வாசிக்கிறவர் யார் என்று கேட்டுத்தான் அதை வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அதில் இல்லாததைப் பார்ப்போம். உள்ளே வந்த நேரம் நொடி பிசகாமல் பதிவாகிறது. வெளியே போன நேரம் பெரும்பாலும் இல்லை. நம்மில் எத்தனை பேர் 'லாக்-அவுட்' பொத்தானைத் தொடுகிறோம்? சன்னலை மூடிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். ஐபி முகவரியும் ஆளுக்கொன்று கிடையாது. செல்போன் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவரும் ராசிபுரத்தில் ஜவ்வரிசி ஆலையில் நிற்கிறவரும் ஒரே எண்ணாக விழக்கூடும். ஆக, கடவுச்சொல் வந்தது என்பதற்கு மட்டுமே இந்த அட்டவணை சாட்சி. ஆள் வந்தார் என்பதற்கு அதனிடம் சாட்சியம் கிடையாது. அதிகாரம் வாசிக்கும்போதோ இந்த இடைவெளி காணாமல் போய் 'இவன்தான் வந்தான்' என்றாகிவிடுகிறது.

இப்படி வாசிக்கும் பழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. நம் பக்கத்து ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். பெயரிலேயே அதன் வேலை தெரிகிறது. அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் ரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும். ஊர் மாறினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆஜரானால் அவர் குற்றம் செய்யவில்லை என்று யாரும் எழுதவில்லை. வராத நாள் மட்டும் குற்றமாயிற்று. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. ஆனால் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. சீர்மரபினர் பட்டியலில் இன்றைக்கும் 'சேலம் மேல்நாடு குறவர்', 'சேலம் உப்புக் குறவர்' என்ற பெயர்கள் உண்டு. கழுதைமேல் உப்பு ஏற்றி ஊர் ஊராக நடந்த வியாபாரிகளின் பெயரில் ஒரு மாவட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடந்தவர்களை நிறுத்தி வைத்த அடையாளமாகத்தான் அதை நான் வாசிக்கிறேன்.

நூறு நாள் வேலைக்கு வருவோம். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளத்தில் செல்போன் செயலி வழியாக, ஒரு நாளில் இரண்டு தடவை படம் பிடித்து வருகை பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத நாளில் படம் ஏறாது. படம் ஏறாத நாளின் கூலி சிக்கிக்கொள்ளும். மண்வெட்டி பிடித்த கை பொய், படம்தான் மெய். பழைய படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றிய மோசடிகள் நடப்பதாக 2025இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட வேண்டி வந்தது. பதிவேடு இறுக இறுக, ஏமாற்றுகிறவன் வழி கண்டுபிடித்துக்கொள்கிறான். ஏமாற்றத் தெரியாதவர் கூலியை விட்டுக்கொடுக்கிறார்.

அப்படியானால் பதிவேட்டையே எரித்துவிடலாமா? நம் தோழர்களில் சிலர் பூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' படித்த சூட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் முன்பணம் வாங்கி வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நோட்டுல ஓனரு என்ன எழுதறாருன்னு நமக்கெங்கீங்க தெரியுது?" என்றார் ஒருவர். கடன் பக்கம் மட்டும் ஒழுங்காக ஏறும். வேலைக்கு வந்த நாள் எங்கேயும் பதிவாகாது. பதிவு இல்லையென்றால் பி.எஃப். இல்லை, தறியில் கை போனால் இழப்பீடு கேட்க ஆதாரம் இல்லை. பதிவு செய்யாமல் இருப்பதும் முதலாளியின் ஆயுதம்தான்.

ஆகவே 'பதியலாமா கூடாதா' என்பது தவறான கேள்வி. பதிந்தது யார் கையில், எத்தனை நாளைக்கு என்று கேட்க வேண்டும். அரசின் பதிலைப் பாருங்கள். ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், அங்கீகாரப் பதிவுகளை ஐந்து வருஷம் வைத்திருந்த விதியைத் தள்ளி, ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றது. 2022 ஏப்ரல் 28 அன்று கணினி அவசரநிலைக் குழு, கணினிப் பதிவுகளை 180 நாளுக்காவது வைத்திருந்தே தீர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதே அரை வருஷம், அங்கே கூரை, இங்கே தரை. குடிமகன் கேட்டால் மறதி, காவல் கேட்டால் நினைவு.

தொழிற்சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் தளம் எழுதிக்கொண்டிருந்த தோழர், இந்த அட்டவணையை வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வையுங்கள் என்றேன். தன் கடவுச்சொல்லை இன்னொருத்தன் திருடி நுழைந்தால் உறுப்பினருக்குத் தெரிய வேறு வழியில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள். ஒன்று, ஒவ்வொருவரும் தன் வரலாற்றைத் தானே திறந்து பார்க்க வேண்டும். ஆதார் தளத்திலேயே அந்த வசதி இருக்கும்போது சங்கத்தில் இல்லாவிட்டால் வெட்கம். இரண்டு, நிர்வாகி அதைத் திறந்தால் அதுவும் ஒரு வரியாகப் பதிவாகி உறுப்பினர் கண்ணில் பட வேண்டும். மூன்று, ஒவ்வொரு வரிக்கும் சாகும் தேதி வேண்டும். தேதி வந்ததும் யாரையும் கேட்காமல் அழிய வேண்டும்.

"இதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரமுங்க, தலைவருங்ககிட்டப் பேசணுமா?" என்றார் தோழர். மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் ரேகை வைத்த காலத்திலும் அது வெறும் மைப்பெட்டி சமாச்சாரமாகத்தான் சொல்லப்பட்டது. எந்தப் பத்தி, எத்தனை நாள், யார் கண்ணுக்கு என்பதைச் சங்கத்தின் பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அட்டவணையை வடிவமைக்கும் அந்தக் கணத்திலேயே அரசியல் முடிவாகிவிடுகிறது.