சிவப்புப் பந்தும் நீண்ட வரிசையும்

டென்னிஸ் வலை நடுவில் 91.4 செ.மீ. உயரம். இரு ஓரக் கம்பங்களிலும் 107 செ.மீ. ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 115 செ.மீ. இருக்கும். ஓரக் கம்பத்தின் அருகே நின்றால் வலையின் மேல்விளிம்பு அதன் கண்ணுக்கு நேரே வந்துவிடும். பந்தின் கதையும் இதுதான். வழக்கமான மஞ்சள் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. பெரியவர்களுக்கு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வசதியாக வரும் பந்து, இந்தப் பிள்ளையின் தலையைத் தாண்டிப் போகும். கோர்ட்டின் நீளமோ 23.77 மீட்டர். அளவில் பெரியவர்களுக்காகவே அமைந்த ஓர் ஆட்டத்தைத்தான் பல தலைமுறைகளாகச் சின்னப் பிள்ளைகளிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவந்தோம்.

அதை மாற்ற வந்ததுதான் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்து முறை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007-ல் ‘பிளே அண்ட் ஸ்டே’ என்ற இயக்கத்தின் வழியாக இதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவானது; ஆரஞ்சு 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். சிவப்புக் கட்டத்தில் கோர்ட் ஏறக்குறைய 11 மீட்டர், வலை 80 செ.மீ. ஆரஞ்சில் கோர்ட் 18 மீட்டராக நீளும். பச்சையில் முழுக் கோர்ட். ராக்கெட்டும் பிள்ளையின் உயரத்துக்கேற்பக் குட்டையாக இருக்கும். 2012 ஜனவரி முதல், பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று ஆட்டத்தின் விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

இந்த முறை சரியானது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் நம் ஊர்ப் பயிற்சிக் கூடங்களில் அதன் பந்து மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பந்து எதற்காக வந்ததோ அது இன்னும் வரவில்லை.

முதலில் அதன் பலம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டேமியன் ஃபேரோவும் மச்சார் ரீடும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏறக்குறைய எட்டு வயதுள்ள, டென்னிஸுக்குப் புதிய பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, பெரிய கோர்ட், சிறிய கோர்ட், வழக்கமான பந்து, மென்பந்து என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய கோர்ட்டில் வழக்கமான பந்தோடு ஆடிய குழுவுக்குத்தான் பந்தை அடிக்கும் வாய்ப்பே குறைவாகக் கிடைத்தது. பந்தின் மென்மையைவிடக் கோர்ட்டின் அளவு கூடுதல் வித்தியாசம் செய்தது என்பதும் அதில் தெரிந்தது. அந்த இரண்டாவது செய்தியை நம்மவர்கள் கவனிக்கவே இல்லை. மென்பந்து வாங்கிப் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

இன்னொரு பலம் பிடியில் தெரியும். பந்து தோளுக்கு மேலே எழும்பும்போது பிள்ளையின் கை தானாகவே ராக்கெட்டின் அடிப்பக்கத்துக்குச் சுழன்று, ‘எக்ஸ்ட்ரீம் வெஸ்டர்ன்’ என்னும் பிடிக்குப் போய்விடுகிறது. உயரப் பந்தைக் கோர்ட்டுக்குள் அழுத்த அதைவிட்டால் வேறு வழியில்லை. அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போடும் பையன் அப்படித்தான். வண்டி ஓடும், ஆனால் உடம்பு கோணிப்போயிருக்கும். சைக்கிளில் கால் எட்டியதும் கோணல் போய்விடும். டென்னிஸில் அந்தப் பிடி பதினான்கு வயதிலும் கூடவே வரும். தாழ்ந்து வழுக்கி வரும் பந்தை எடுக்க முடியாமலும், நெட்டுக்கு முன்னேறி வாலி அடிக்கத் தெரியாமலும் திணறும் ஆட்டக்காரர்களில் பலருக்குச் சிக்கலின் வேர் ஏழு வயதில் இருக்கிறது. சிவப்புப் பந்து இடுப்பருகே எழும்புவதால் இந்தக் கட்டாயமே வருவதில்லை.

‘அகாஸி சின்ன வயதில் மஞ்சள் பந்தில்தானே ஆடினார்? வில்லியம்ஸ் சகோதரிகள்?’ என்று எதிர்க்கேள்வி கேட்பவர்கள் உண்டு. 2012-ல் அமெரிக்காவில் இந்த விதி வந்தபோது பெற்றோரும் பயிற்சியாளர்களும் எழுப்பிய எதிர்ப்பிலும் இந்த வாதம் இருந்தது. ஜெயித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அதே பந்து தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்ததால் இரண்டே மாதத்தில் ராக்கெட்டைப் பரணில் போட்ட பிள்ளைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. அகாஸியின் தந்தை வீட்டிலேயே பந்து வீசும் இயந்திரம் வைத்து அவரை அடிக்க வைத்தார். அந்த நாட்களை அகாஸி தன் சுயசரிதையில் எவ்வளவு கசப்போடு எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த உதாரணத்தைச் சொல்ல வேண்டும்.

இனிக் குறைகள்.

சென்னையில் ஒரு கோடைக்கால முகாம். காலை ஆறரை மணிக்கே வெயில் சுள்ளென்று இருக்கிறது. ஒரு களிமண் கோர்ட்டில் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு கோச், ஒரு கூடை நிறையச் சிவப்புப் பந்துகள். பிள்ளைகள் பேஸ்லைனில் வரிசையாக நிற்கிறார்கள். கோச் நெட்டருகே நின்று ஒவ்வொன்றாகப் பந்து போடுகிறார். முதலில் நிற்பவன் ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்துவிட்டு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் சேர்கிறான். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் முறை வரும்வரை ராக்கெட் நுனியால் மண்ணில் கோலம் போடுகிறாள். முறை வந்ததும் அரக்கப்பரக்க நிமிர்கிறாள். பந்து அதற்குள் அவளைக் கடந்துவிடுகிறது. “ரெடியா இருக்கணும்மா, எத்தன தடவ சொல்றது!” என்கிறார் கோச். அவர் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு பேரை ஒரே ஆளாகச் சமாளிக்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நொடிக்கு ஒரு பந்து வீதம் கோச் போட்டாலும் நிமிடத்துக்குப் பதினைந்துதான். உடற்பயிற்சிக்கும் பந்து பொறுக்குவதற்கும் போக, ஒரு மணி நேர வகுப்பில் நாற்பது நிமிடம் மிஞ்சினால் 600 பந்து. பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50. அதே முழுக் கோர்ட்டில் குறுக்காக நான்கு சின்னக் கோர்ட்டுகள் போடலாம். சுண்ணாம்புக் கோடும் குறுக்கே கட்டிய கயிறும் போதும். எட்டுப் பேர் ஜோடி ஜோடியாக ராலி ஆடட்டும், நான்கு பேர் பந்தை எறிந்து பிடிக்கட்டும், மாறி மாறி வரட்டும். ராலி பாதி நேரம் அறுந்துபோனாலும் ஆளுக்கு 200 தேறும். அதைவிட முக்கியம், எதிரே ஒருவர் அடித்த பந்தை வாங்கி, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். டென்னிஸ் என்பது அதுதானே. கூடையிலிருந்து ஒரே இடத்தில் ஒரே உயரத்தில் வந்து விழும் பந்தை அடித்து அடித்து ஃபோர்ஹேண்ட் அழகாகலாம். பந்து எங்கே வரும் என்று எதிராளியின் தோளைப் பார்த்து ஊகிக்கும் கண் ஒருபோதும் வராது. சிவப்புப் பந்து முறையின் உயிரே முதல் நாளிலிருந்து ராலி என்பது. வரிசையில் நிற்கவைத்து அதைக் கற்பிப்பது அந்த உயிரை எடுத்துவிடுகிறது.

மென்பந்து விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பது உண்மையான சிரமம். அதனால் காற்றுப்போன பழைய மஞ்சள் பந்தைச் சில இடங்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அது குறைவாக எழும்பும், அவ்வளவுதான். எடை குறைவதில்லை, 56 கிராமுக்கு மேல் இருக்கும் அந்தப் பந்து பிஞ்சு மணிக்கட்டில் மோதுவது மோதுவதுதான். சிவப்புப் பந்து 36 முதல் 49 கிராமுக்குள் இருக்கும். கோர்ட்டைச் சின்னதாக்க மட்டும் காசே வேண்டாம். மென்பந்து கிடைக்காத ஊரில் அதையாவது முதலில் செய்யலாம்.

அடுத்த குறை நிறம் அந்தஸ்தாக மாறியது. வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோரின் பேச்சில் இது காதில் விழும். “சார், இவனோட சேர்ந்த பையன் ஆரஞ்சுக்குப் போயிட்டானாம். இவன எப்ப சார் மாத்துவீங்க?” பதில் சொல்ல முடியாமல் கோச் மாற்றிவிடுகிறார். கட்டணம் கட்டுபவர் பெற்றோர்தானே. பச்சைப் பந்து பல இடங்களில் வெறும் சடங்கு. பத்து வயதை எட்டுமுன்னரே மஞ்சள் கைக்கு வந்துவிடுகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உடல் வாகும் கண் கூர்மையும் முன்னதாகவே வாய்த்த ஒன்பது வயதுப் பெண்ணை, வயதைக் காட்டி ஆரஞ்சிலேயே கட்டிவைப்பதும் தவறு. விதி வயதை வைத்துக் கோடு கிழிக்கிறது; பிள்ளைகள் வயதுப்படி வளர்வதில்லை. போட்டிக்கு அந்தக் கோடு வேண்டும். பயிற்சிக்கு வேண்டாம்.

முறையிலேயே உள்ள ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சர்வ். வலை தாழ்ந்து, சர்வீஸ் கட்டமும் கிட்டே இருப்பதால், ராக்கெட்டைத் தட்டு ஏந்துவதுபோல் பிடித்துப் பந்தைத் தட்டிவிட்டாலே உள்ளே விழுந்துவிடுகிறது. அது வெற்றியாகவும் ஆகிவிடுவதால் பிள்ளை அதை விடுவதில்லை. முழுக் கோர்ட்டுக்கு வரும்போது அந்தச் சர்வ் எதற்கும் உதவாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சர்வின் அடிப்படை எறிதல். தோளைத் திருப்பி, முழங்கையை மேலே கொண்டுவந்து, மணிக்கட்டை விடும் அதே அசைவு. நம் ஊரில் டென்னிஸ் பந்து என்றாலே பிள்ளைகளுக்குத் தெருக் கிரிக்கெட்தான். பவுண்டரியிலிருந்து ஸ்டம்பை நோக்கி எறிந்து பழகிய பையனுக்குச் சர்வுக்கான கை ஏற்கெனவே இருக்கிறது. அந்த வாய்ப்பு பெண்பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது. அவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடமாவது எறிதல் வைக்க வேண்டும். அதைச் செய்யும் கூடங்கள் மிகக் குறைவு.

எறிதல் போன்ற அசைவுகள் மற்ற ஆட்டங்களிலிருந்தும் வருவதால்தான், ஆறு வயதிலேயே டென்னிஸ் மட்டும் என்று முடிவெடுத்து மற்ற ஆட்டங்களை நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஃபெடரரும் நடாலும் ஏறக்குறையப் பன்னிரண்டு வயது வரை கால்பந்தும் ஆடினார்கள். ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-ல் பதின்மூன்று வயதில் தொழில்முறைக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே நொறுங்கி விலகியதைப் பார்த்த பிறகுதான் மகளிர் டென்னிஸ் சங்கம் வயதுக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கியது. அவர் பின்னர் மீண்டு வந்து கிராண்ட்ஸ்லாம் வென்றார். ஆனால் அப்படி மீண்டுவர எல்லாராலும் முடியாது.

பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர், கோச்சின் பழைய பதக்கங்களைக் கேட்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக நின்று பார்க்கட்டும். ஒரு பிள்ளை எத்தனை பந்து அடிக்கிறது, எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது என்று எண்ணட்டும். அடுத்த நிறத்துக்கு எப்போது மாற்றலாம் என்று கேட்டால், ‘எதிராளியோடு பத்துப் பந்து விடாமல் ராலி ஆடி, அவரை இடமும் வலமும் நகர்த்தத் தெரிந்ததும்’ என்பதுபோல் ஒரு பதிலை கோச் தர வேண்டும். ‘மூன்று மாதத்தில்’ என்று சொன்னால் வேறு இடம் பார்க்கலாம். போட்டி நடத்துபவர்களும் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் குழுவாக ஆடும் சின்னச் சின்ன ஆட்டங்களை வைக்கட்டும். முதல் சுற்றில் தோற்ற பிள்ளையும் அன்று நான்கு ஆட்டமாவது ஆடிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். அந்த வயதுக்குத் தரவரிசைப் பட்டியல் வேண்டவே வேண்டாம்.