திறந்து காட்டாத பெட்டி

முள்ளியவளையில் நாம் இன்றும் கடதாசியிலேதான் புள்ளடியிடுகிறோம். வாக்கெடுப்புக்கு முன் பெட்டி வெறுமையென்பதை முகவர்களுக்குத் திறந்து காட்டுவர். படியாதவனும் கண்ணாற் கண்டு தெளியலாம். இந்திய எந்திரத்திலோ (நம் வாசகர் நன்கறிந்த சுஜாதாவும் அதன் ஆக்கத்திற் பங்குகொண்டவர்) மாதிரி வாக்கெடுப்பு உண்டு, உள்ளிருப்பதைக் காட்டுவதில்லை.

கம்பியில்லாத் தொடர்பு எதுவும் அதனுள் இல்லையென்கிறது தேர்தல் ஆணையம். இருக்கலாம். ஆயின் அவ்வலைகளைத் தேடிப் பார்க்கச் சாவடிக்குள் வாக்காளன் கைத்தொலைபேசியும் கொண்டுசெல்லலாகாது. 2010இல் ஹரி பிரசாத் குழுவினர், முடிவு காட்டும் பலகையை மாற்றிப் புளூடூத் பொருத்தினால் கைத்தொலைபேசியாலேயே எண்களைத் திரிக்கலாமெனக் காட்டினர். எந்திரத்தைத் திருடினாரென அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் கைதானார்.

எந்திரம் பிறர் கைப்பட்டாலன்றி இத்திரிபு இயலாதென்பர் மறுப்போர். மெய்தான், கைப்படவில்லையென்று எப்படி அறிவது? அதற்கன்றோ சோதனை! சிறப்பறிவில்லாக் குடிமகனும் தேர்தலின் முக்கிய படிகளைச் சரிபார்க்க இயலவேண்டுமென 2009இல் ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2024இல் அளித்த சலுகையோ மிகச் சிறிது: இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர், செலவைத் தாமே ஏற்று, 5 வீத எந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம். வாக்களித்தவன் கேட்க வழியில்லை.