சாட்சி சொல்லும் கவிதை

ஈழத்துக் கல்முனைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் 1981ஆம் ஆண்டில் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையைப் பற்றிப் பேசுவோர், ‘முஸ்லிம் கவிஞர் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழருக்காக அழுதார்’ என்ற பாராட்டோடு நின்றுவிடுவதுண்டு. பாராட்டு தவறன்று, எனினும் அது கவிதையைச் சிறிதாக்கிவிடுகிறது. பெரம்பலூர் வட்டாரத்துப் பள்ளியொன்றில் மேல்நிலை மாணவர்களுக்கு இக்கவிதையைப் பல்லாண்டுகளாகப் பாடம் சொல்லி வருபவன் நான். அதன் உண்மையான பெருமையையும், அதைக் கற்பிப்பதில் நான் செய்த பிழையையும் வாசகர்முன் வைக்க விரும்புகிறேன்.

1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கவிஞர் இத்தீயை நேரே வருணிக்கவில்லை. கனவில் புத்தர் சுடப்பட்டு நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறார். கொன்றவர்கள் சாதாரண உடையணிந்த காவலர்கள். இருளில் வந்து பிணத்தை மறைக்கச் சொல்வோர் அமைச்சர்கள். நூல்களோடு நூல்களாகப் புத்தரின் உடலும் எரிகிறது.

இங்கே கவிஞரின் நுட்பம் இரண்டு. குற்றவாளியை அவன் போற்றும் வேதத்தின் முன்னேயே நிறுத்துகிறார். எனவே, ‘இது பகைவன் சொல்லும் பழி’ என்று அவன் தட்டிக்கழிக்க இயலாது. அடுத்து, சுட்ட கையையும் அதற்குத் துணைநின்ற அதிகாரத்தையும் தனித்தனியே காட்டுகிறார். 1945இல் நூரம்பர்க்கில் தொடங்கிய விசாரணை முதல் இன்றுவரை சர்வதேச நீதிமன்றங்கள் ஆராய்ந்து வருவது இதனைத்தானே! ‘ஏவியவர் யார், அறிந்தும் தடுக்காதவர் யார்?’ என்ற கேள்விக்குக் கவிதையிலிருந்தே மாணவர்கள் வந்துவிடுகிறார்கள்.

ஆனால் கவிதை நிற்கும் இடத்தில் ஆசிரியர் நின்றுவிடலாகாது. ‘இனப்படுகொலை’ என்ற சொல்லை நம் மேடைகளில் பெருங்கொடுமைகள் அனைத்துக்கும் வழங்குகிறோம். போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் படைத்த சொல்லுக்கு நாம் கண்ட தமிழாக்கம் அது. 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை அதற்கு ஓர் அளவு வகுத்தது. தேசிய, இன, நிற, மதக் குழுவொன்றை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ அழித்துவிடும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். தமிழ்ச் சொல்லில் ‘இனம்’ முன்னிற்பதால், மதக்குழுவும் இதில் அடங்கும் என்பது மாணவர்க்குத் தோன்றுவதில்லை. அரபியில் வழங்கும் ‘இபாதா ஜமாஇய்யா’ என்பதற்குக் ‘கூட்டத்தை அழித்தொழித்தல்’ என்பதே பொருள். அது இந்தக் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை.

1995 சூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டது இனப்படுகொலையே என்று 2007இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே போரில் நடந்த வேறு பல கொலைகளில் அந்த நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறிற்று. அதனால் அக்கொலைகளின் கொடுமை குறைந்துவிடுமோ? குறையாது. பெயரிடுவதற்குச் சான்று வேண்டும் என்பதே பாடம்.

இனி என் பிழை. பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. என் வகுப்பில் முகாம்களிலிருந்து வந்த பிள்ளைகளும், லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்ப் பிள்ளைகளும் அருகருகே அமர்வார்கள். பல ஆண்டுகள் நூலகத்தை மட்டும் சொல்லி, 1990ஐச் சொல்லாமல் கடந்துவிட்டேன். மனம் நோகுமே என்ற அச்சம். ஒருநாள் நம் பிள்ளை ஒருவன் எழுந்து, “காத்தான்குடியில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார்களாமே, ஹஜ்ரத்? அதற்குக் கவிதை இல்லையா?” என்று கேட்டான். வகுப்பு அடங்கிப்போயிற்று.

அன்றுதான் முழுவதையும் சொன்னேன். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும், அவ்வாண்டு அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதையும் சொன்னேன். கேட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனிடத்தில் வெற்றிக் களிப்பைக் கண்டு மேலும் தொடர்ந்தேன். 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் நாற்பதாயிரம் குடிமக்கள் வரை மாண்டிருக்கலாம் என 2011இல் ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு கூறிற்று. அரசு, புலிகள் ஆகிய இரு தரப்பின்மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உண்டென்றது. அவற்றை விசாரிக்கச் சர்வதேச நீதிமன்றம் எதுவும் அமையவில்லை. முகாம் பிள்ளைகளில் ஒருத்தி, “என் பாட்டி அங்கேதான் சார்” என்றாள். நிமிர்ந்திருந்தவன் தலை குனிந்தான். ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியினின்று பிறழச் செய்யலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் எச்சரிப்பதன் பொருள் எனக்கே அன்று விளங்கியது.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா செல்லும்போதும் இந்தத் தராசு கையில் இருத்தல் வேண்டும். சோழர் ஈழம் வென்ற பெருமையைச் சொல்கிறோம். அப்படை விகாரைகளைச் சூறையாடியதென இலங்கையின் சூளவம்சம் முறையிடுவதைச் சொல்வதில்லை.

கவிதையின் குறை என்று நான் காண்பதும் இதனோடு ஒட்டியதே. புத்தர் இருக்கிறார், அவர்தம் சூத்திரங்கள் இருக்கின்றன. அந்நூலகத்தில் அமர்ந்து படித்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரேனும் கவிதையில் இல்லை. குறியீடு நிறைந்த இடத்தில் மனிதர் மறைந்துவிட்டார். அந்த இடத்தை ஆசிரியர்தாம் நிரப்ப வேண்டும்.

அரபியில் ‘ஷஹீத்’ என்பதும் ‘ஷாஹித்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. முன்னவர் உயிர் கொடுத்தவர். பின்னவர் கண்டதைச் சொல்பவர். நம் ஷஹீதுகளுக்காக அழக் கற்ற நாம், அயலாரின் இறந்தோருக்கு ஷாஹிதாக நிற்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். கவிஞர் நுஃமான் 1981இல் நின்ற இடம் அது. அவரைப் பாராட்டும் உரிமை, அவ்விடத்தில் நிற்கத் துணிவோர்க்கே உண்டு.